யுஎன்சி3886: எதிரியின் பெயர் தெரிஞ்சா மட்டும் போதுமா?

2025 ஜூலை 18ஆம் தேதி இரவு. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் 10ஆம் ஆண்டு நிறைவு விருந்து. அங்கே பேசிய தேசியப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சரும் உள்துறை அமைச்சருமான திரு கா சண்முகம், ஒரு பெயரைச் சொன்னார்: யுஎன்சி3886. சிங்கப்பூரின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பை அந்தக் குழு தாக்குகிறது, அது அந்த நேரத்திலும் தொடர்கிறது என்றார்.

பெயரைக் கேட்டால் கார் நம்பர் பிளேட் மாதிரி இருக்குல்ல? ஆனால் அரசாங்கங்கள் இப்படிப் பெயர் சொல்வது அபூர்வம். அதுவும் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்வது இன்னும் அபூர்வம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அது தெரிந்ததால் நம்முடைய மருத்துவமனைக்கோ வங்கிக்கோ தொலைபேசி நிறுவனத்துக்கோ என்ன லாபம்? இதைப் புரிந்துகொள்ள ‘த்ரெட் இன்டெலிஜென்ஸ்’ என்று சொல்கிறார்களே, அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழில் ‘அச்சுறுத்தல் உளவுத் தகவல்’ எனலாம்.

பெயர் வைத்தது யார்?

வைத்தது அரசாங்கம் இல்லை. கூகலுக்குச் சொந்தமான மாண்டியண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம். ஒரே கைவரிசை தெரியும் தாக்குதல்களை அது ஒரு மூட்டையாகக் கட்டி, ‘இன்னும் வகைப்படுத்தவில்லை’ என்ற பொருளில் யுஎன்சி என்ற மூன்று எழுத்தையும் ஓர் எண்ணையும் ஒட்டிவிடும். ஆள் யார் என்று தெரியாத நிலையில், போலீஸ் ஒரு வழக்குக் கோப்புக்கு எண் போடுவது மாதிரிதான்.

கோப்பில் என்ன இருக்கும்? எந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள், எந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள், நுழைந்த பிறகு எதைத் தொட்டார்கள், தடயத்தை எப்படி அழித்தார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நிறுவனங்களில், வேறு வேறு நாடுகளில், வேறு வேறு ஆண்டுகளில் கிடைத்த துண்டுகள். ஒரு நிறுவனம் தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் படம் அதற்குத் தெரியவே தெரியாது.

டெங்கிப் பதாகையை நினைச்சுப் பாருங்க

உங்கள் புளோக்குக்குக் கீழே சிவப்புப் பதாகை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட டெங்கிச் சம்பவங்கள் உள்ள குழுமம் என்று அர்த்தம். எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில் என்ற வெறும் எண்களைச் சேர்த்து, ‘இந்த வட்டாரத்தில் இப்போது கவனம் தேவை’ என்று மாற்றித் தருகிறார்கள். எண்கள் வெறும் தகவல். எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது உளவுத் தகவல்.

ஆனால் பதாகையைப் பார்த்துவிட்டு வீட்டு வாளியைக் கவிழ்க்காமல் போனால்? பதாகை கட்டியது வீண். நிறுவனங்கள் பலவற்றில் நடப்பது இதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு உதாரணம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே இருக்கலாம்: ஸ்கேம்ஷீல்ட் செயலி. மோசடிக்காரர்களின் எண்கள், இணைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலில் சேர்கின்றன. ஒருவருக்கு வந்த மோசடிக் குறுஞ்செய்தி, அடுத்தவருக்கு எச்சரிக்கை ஆகிறது. அச்சுறுத்தல் உளவுத் தகவலின் அடிப்படைக் கணக்கு அதேதான்: ஒருவருடைய அனுபவம் ஆயிரம் பேருக்குக் கேடயம்.

இதில் ஒரு பலவீனமும் இருக்கு. மோசடிக்காரன் புது சிம் கார்டு வாங்கிட்டா? பட்டியல் பழசாகிவிடும்.

இந்தப் பலவீனத்தைத்தான் டேவிட் பியாங்கோ என்ற அமெரிக்க வல்லுநர் 2013இல் ‘வலிப் பிரமிட்’ என்று வரைந்து காட்டினார். தாக்குபவரின் ஐபி முகவரியை நீங்கள் தடுத்தால் அவருக்கு ஒரு நிமிட வேலை, மாற்றிவிடுவார். நச்சுமென்பொருளின் அடையாளக் குறியீட்டைத் தடுத்தாலும் அப்படியே. நிரலில் ஓர் எழுத்தை மாற்றினால் குறியீடே மாறிவிடும். அவர் பயன்படுத்தும் கருவியைத் தடுத்தால் கொஞ்சம் வலிக்கும், புதிதாக ஒன்றை எழுத வேண்டும். அவருடைய பழக்கத்தையே, அதாவது வேலை செய்யும் முறையையே கண்டுபிடித்துவிட்டால்? அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். கள்வன் சட்டையை மாற்றலாம், நடையை மாற்றுவது லேசா?

அதனால் நல்ல உளவுத் தகவல் முகவரிப் பட்டியலோடு நிற்காது, நடையைச் சொல்லும்.

அப்படின்னா யுஎன்சி3886இன் நடை என்ன?

மாண்டியண்ட் 2022ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவந்த அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குழு உங்கள் அலுவலக மடிக்கணினியைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அங்கே வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கும். அது குறிவைப்பது, பாதுகாப்பு மென்பொருள் பொதுவாகவே ஓடாத இடங்களை: ஃபயர்வால், ரௌட்டர், ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விஎம்வேர் போன்ற மெய்நிகர் தளம். காவலாளி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும் உத்தி.

ஃபோர்ட்டிநெட் ஃபயர்வால்களில் இருந்த, தயாரித்த நிறுவனத்துக்கே தெரியாத ஓட்டை ஒன்றை அது பயன்படுத்தியது 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. விஎம்வேர் விசென்டரில் இருந்த இன்னோர் ஓட்டை 2023 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. ஆனால் 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே அந்தக் குழு அதைப் பயன்படுத்திவந்ததாக மாண்டியண்ட் பிறகு கண்டறிந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு! 2025 மார்ச்சில் வந்த அறிக்கை, ஆயுள் முடிந்துபோன ஜூனிப்பர் ரௌட்டர்களில் அது பின்கதவு வைத்ததையும், பதிவேடுகள் எழுதப்படுவதையே நிறுத்திவிட்டதையும் விவரித்தது.

இப்போது ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இந்த அறிக்கையைப் படித்ததும் உங்கள் வேலைப் பட்டியல் மாறிவிடும். ‘எல்லா மடிக்கணினியிலும் வைரஸ் தடுப்பு இருக்கா?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘நம்ம ரௌட்டரின் வயசு என்ன? அதன் பதிவேட்டைக் கடைசியாக யார் பார்த்தது? திடீர்னு பதிவு நின்னுபோனா யாருக்குத் தெரியும்?’ என்று கேட்பீர்கள். கேள்வி மாறுவதுதான் உளவுத் தகவலின் பலன். அடுத்த தாக்குதல் எந்தத் தேதியில் வரும் என்று அது ஜோசியம் சொல்லாது.

தகவல் இருந்தும் தோற்ற கதை

சிங்கப்பூரில் இதற்குப் பெரிய பாடம் 2018இல் கிடைத்தது. சிங்ஹெல்த் தகவல் திருட்டு நடந்தபோது உங்களில் பலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் போயின. அவர்களில் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரங்களும் போயின. அந்த 160,000 பேரில் ஒருவர் அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங். அவருடைய விவரங்களைத் தாக்கியவர்கள் குறிவைத்துத் தேடியிருந்தார்கள்.

திருட்டு நடந்தது 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை. ஆனால் திருடன் வீட்டுக்குள் வந்தது அதற்கு ஏறத்தாழ 10 மாதங்களுக்கு முன்னால், 2017 ஆகஸ்ட்டிலேயே. அவ்வளவு நாள் உள்ளேயே இருந்து, ஒவ்வோர் அறையாகப் பார்த்து, சாவி தேடியிருக்கிறான்.

முன்னாள் தலைமை மாவட்ட நீதிபதி திரு ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் மனம் கசக்கும். காரணம், தாக்கியவர்களின் திறமை மட்டும் இல்லை. ஒரு கணினியில் நுழைய அவர்கள் பயன்படுத்திய கருவி எல்லாருக்கும் இணையத்தில் கிடைத்த ஒன்று. அவுட்லுக் மென்பொருளில் இருந்த அந்த ஓட்டையை அடைக்கும் மேம்பாடும் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தக் கணினியில் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். உளவுத் தகவல் கண்ணெதிரே இருந்தது, வாளியைத்தான் யாரும் கவிழ்க்கவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. தகவல்தளத்துக்குள் நுழைய யாரோ திரும்பத் திரும்ப முயன்று தோற்பதைச் சில ஊழியர்கள் ஜூன் மாதத்திலேயே கவனித்தார்கள். ஜூலை 4ஆம் தேதி வினோதமான தேடல்களைக் கண்டு அவற்றை நிறுத்தியதும் ஒரு சாதாரணத் தகவல்தள நிர்வாகிதான். கீழ்மட்ட ஊழியர்கள் விழிப்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் மேலே தகவல் போகவில்லை. சம்பவங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, முழுசா உறுதியான பிறகுதான் புகார் கொடுக்கணும் என்று தவறாகப் புரிந்துவைத்திருந்தார். இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10ஆம் தேதி. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன் விளைவாக, சிங்ஹெல்த்துக்கும் அதன் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் சேர்த்து 1 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2019 மார்ச்சில் சிமாண்டெக் என்ற பாதுகாப்பு நிறுவனம், சிங்ஹெல்த்தைத் தாக்கியது ‘வைட்ஃபிளை’ என்று தான் அழைக்கும் குழு என அறிவித்தது. குறைந்தது 2017 முதலே அது சிங்கப்பூரில் சுகாதாரம், ஊடகம், தொலைத்தொடர்பு, பொறியியல் துறை நிறுவனங்களைத் தாக்கிவந்ததாம். அது ஒரு தனியார் நிறுவனத்தின் சொந்த விசாரணை என்று சொல்லி, இணையப் பாதுகாப்பு அமைப்பு கருத்துக் கூறவில்லை. ஆனால் சிமாண்டெக் சொன்னது சரி என்றால் யோசித்துப் பாருங்கள்: ஒரே திருடன் ஒரே தெருவில் பல வீடுகளுக்குப் போயிருக்கிறான். முதல் வீட்டுக்காரர் சத்தம் போட்டிருந்தால்?

சத்தம் போட ஏன் தயக்கம்?

ஏன்னா சத்தம் போடுறவங்களுக்குத்தான் முதல் அடி. ‘எங்களைத் தாக்கிட்டாங்க’ என்று சொன்னால் வாடிக்கையாளர் பயப்படுவார், பங்கு விலை இறங்கலாம், போட்டி நிறுவனம் சிரிக்கும், வழக்கறிஞர் ‘ஒரு வார்த்தையும் பேசாதீங்க’ என்பார். அரசாங்கத்துக்கும் வேறு மாதிரியான தயக்கம். எதிரியின் நடையைக் கண்டுபிடித்ததை வெளியே சொன்னால், எதிரி நடையை மாற்றிக்கொள்வான். எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதும் கசியும்.

இதைச் சமாளிக்க ஒரு எளிய ஏற்பாடு உலகம் முழுவதும் உண்டு. போக்குவரத்து விளக்கு மாதிரி நிறம் பூசுவது. சிவப்பு என்றால் இந்த அறையில் கேட்டவர் வெளியே சொல்லக் கூடாது. மஞ்சளுக்குச் சொந்த நிறுவனத்தில் தேவைப்படுவோர் வரை போகலாம். பச்சைக்கு அதே துறையினர் வரை. நிறமில்லாதது எல்லாருக்கும். வங்கிகள் இதில் முன்னோடி. போட்டி போட்டுக்கொண்டு கடன் அட்டை விற்கும் வங்கிகள், தாக்குதல் தகவலை மட்டும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கான எஃப்எஸ்-ஐசாக் அமைப்பின் ஆசிய பசிபிக் நிலையம் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் ஆதரவோடு இங்கேதான் அமைந்தது.

சட்டமும் இருக்கிறது. இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எரிசக்தி, தண்ணீர், வங்கி, சுகாதாரம், போக்குவரத்து உட்பட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்பை நடத்துவோர், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்துகொண்ட 2 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யுஎன்சி3886 அறிவிப்புக்குப் பிறகு, அதிநுட்பக் குழுக்களின் தாக்குதல் என்று சந்தேகம் வந்தாலே உடனே சொல்ல வேண்டும் என்ற விதி வரும் என மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சர் திருவாட்டி ஜோசஃபின் டியோ அறிவித்தார். கவனியுங்கள், ‘உறுதியானால்’ இல்லை, ‘சந்தேகம் வந்தாலே’. 2018இல் நழுவியது சரியாக அந்த இடத்தில்தான்.

நான்கு தொலைபேசி நிறுவனங்கள், 11 மாதங்கள்

பெயர் சொன்ன அந்த ஜூலை இரவில் எந்தத் துறை தாக்கப்படுகிறது என்று அமைச்சர் சொல்லவில்லை. விடை 2026 பிப்ரவரியில் வந்தது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. நான்கையும் யுஎன்சி3886 குறிவைத்திருந்தது. நீங்கள் இதை வாசிக்கும் இணைப்பு அநேகமாக அந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர்களை வெளியேற்ற நடந்த முயற்சிக்கு ‘சைபர் கார்டியன்’ என்று பெயர். 11 மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஆறு அரசாங்க அமைப்புகளிலிருந்து 100க்கும் மேற்பட்டோர் ஈடுபட்டார்கள். சிங்கப்பூரில் இதுவரை நடந்த ஆகப் பெரிய கூட்டு நடவடிக்கை இது. ஒரு நிறுவனத்தில், யாருக்கும் தெரியாத ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி ஃபயர்வாலைத் தாண்டியிருந்தார்கள். மேலே சொன்ன அதே நடை! கட்டமைப்பு பற்றிய கொஞ்சம் தொழில்நுட்பத் தகவல் வெளியே போனது. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். சேவையும் தடைபடவில்லை.

சிங்ஹெல்த்தோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம்? இம்முறையும் எதிரி உள்ளே வந்துவிட்டான். சுவர் ஏறுவதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் தொலைபேசி நிறுவனங்கள் சந்தேகத்தைச் சொன்னார்கள், ஒரு நிறுவனத்தில் கிடைத்த தடயத்தை வைத்து மற்றவற்றிலும் தேட முடிந்தது. உளவுத் தகவல் செய்யக்கூடிய அதிகபட்ச உதவி இதுதான் என்பேன்: திருடன் உள்ளே இருக்கும் நாட்களைக் குறைப்பது. அதற்காக 11 மாதம் என்பது குறைந்த காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குழுவின் பெயர் ஓகே, நாட்டின் பெயர்?

மாண்டியண்ட் இந்தக் குழுவைச் சீனாவோடு தொடர்புடையது என்று வகைப்படுத்துகிறது. சிங்கப்பூர் அரசாங்கம் அப்படிச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் உள்ள சீனத் தூதரகம் அந்தத் தொடர்பைக் கடுமையாக மறுத்தது. எந்த நாடு என்று சொல்வது இந்த நேரத்தில் நம் நலனுக்கு உகந்ததல்ல என்றார் திரு சண்முகம்.

மழுப்பல் மாதிரித் தோணுதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதுகாப்பு அதிகாரிக்குத் தேவை திருடனின் நடை, அவன் கடப்பிதழ் இல்லை. குழுவின் பெயரைச் சொன்னால் போதும். உலகில் எந்த நிறுவனமும் அந்தப் பெயரில் உள்ள அறிக்கைகளை எடுத்துத் தன் ரௌட்டரைச் சோதிக்கலாம். நாட்டின் பெயர் ராஜதந்திரத்துக்குத் தேவைப்படலாம், ஆனால் அது வேறு கணக்கு, வேறு ஆட்கள் போட வேண்டியது. ஜூலை 18 உரையில் அவர் சொன்ன இன்னொரு விவரம் எனக்குப் பெரிதாகப் பட்டது: 2021க்கும் 2024க்கும் இடையில் சிங்கப்பூர்மீது நடந்ததாகச் சந்தேகிக்கப்படும் இத்தகைய அதிநுட்பத் தாக்குதல்கள் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கின்றன.

சின்ன நிறுவனங்கள் என்ன பண்ணும்?

இங்கேதான் எனக்கு இந்தத் துறைமீது குறை உண்டு. சந்தையில் ‘த்ரெட் இன்டெல்’ என்ற பெயரில் விற்கப்படுவதில் நிறைய, முகவரிப் பட்டியல்தான். பிரமிட்டின் அடித்தட்டு. நாளுக்கு ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும், பார்க்க ஆள் இருக்காது. சிங்கப்பூர் நிறுவனங்களில் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள். ஐந்து பேர் வேலை செய்யும் அச்சகத்துக்கு யுஎன்சி3886 பற்றிய ரகசிய அறிக்கையைக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வார்கள்?

ஆனால் பெரியவர்களுக்குப் போகும் வழி சிறியவர்கள்தான். 2025 ஏப்ரலில் டொப்பான் நெக்ஸ்ட் டெக் என்ற அச்சு நிறுவனம் பிணைநிரலால் தாக்கப்பட்டது. டிபிஎஸ் வாடிக்கையாளர்கள் சுமார் 8,200 பேர், பேங்க் ஆஃப் சைனாவின் சிங்கப்பூர்க் கிளை வாடிக்கையாளர்கள் சுமார் 3,000 பேர், இவர்களின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. வங்கிகளின் கணினிக்குள் யாரும் நுழையவில்லை. அறிக்கை அச்சடித்துக் கொடுக்கும் இடத்தில்தான் கை வைத்தார்கள்.

இலவசமாகக் கிடைப்பதே சிறிய நிறுவனத்துக்கு நிறைய. சிங்சர்ட் வெளியிடும் எச்சரிக்கைகள் உண்டு. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையிலேயே தாக்குதல்களில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளை மட்டும் ஒரு பட்டியலாக 2021 முதல் வெளியிட்டுவருகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து, ‘இந்தப் பட்டியல்ல நம்ம சாமான் ஏதாவது இருக்கா?’ என்று பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும். பல அலுவலகங்களில் அந்த ஓர் ஆளைத்தான் காணோம்.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். பயிற்சி வேலையிலோ, தேசிய சேவையிலோ; 2022 அக்டோபரில் ஆயுதப் படையின் நான்காவது பிரிவாகத் தொடங்கப்பட்ட மின்னிலக்க, வேவுத்துறைச் சேவையும் ‘சைபர் கார்டியன்’ நடவடிக்கையில் இருந்தது. அங்கே உங்கள் முதல் வேலை பெரும்பாலும் பதிவேட்டை வரி வரியாகப் பார்ப்பதாகத்தான் இருக்கும். சினிமாவில் காட்டுற மாதிரி பச்சை எழுத்து ஓடாது. விடிகாலை 3 மணிக்கு ஒரு ரௌட்டர் ஏன் பதிவு எழுதுவதை நிறுத்தியது என்று கேட்க வேண்டியிருக்கும். பதில் சலிப்பூட்டும் பதிலாகவே இருக்கும், பல முறை. மின்தடை, மேம்பாடு, யாரோ பொத்தானைத் தப்பாக அழுத்தியது.

பெயர் விஷயத்தில் ஒன்று மிச்சம் இருக்கு. யுஎன்சி எண் நிரந்தரம் இல்லை. ஆதாரம் சேர்ந்ததும் மாண்டியண்ட் அந்தக் கோப்பை மூடி, தெரிந்த ஒரு குழுவோடு இணைத்துவிடும். சோலார்விண்ட்ஸ் தாக்குதலுக்குக் காரணமான யுஎன்சி2452ஐ அப்படித்தான் 2022 ஏப்ரலில், ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புபடுத்தப்படும் ஏபிடி29 என்ற குழுவோடு சேர்த்தது. முதல் அறிவிப்பிலிருந்து அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. யுஎன்சி3886 பற்றிய முதல் அறிக்கை வந்து மூன்று ஆண்டுக்கு மேலாகிறது. அந்தக் கோப்பு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.